கண்மாய்க்கு ஆள் எடுக்கும் டீச்சர்

வரிசையில் நிற்கும் பெண்களை விலக்கிக்கொண்டு போய்க் கிணற்றுக் கயிற்றின் மேல் கை வைக்கிறார் வீரலட்சுமி டீச்சர். ஒரு வாளி தாமே இறைத்து ஊற்றிவிட்டு, கயிற்றை அடுத்தவளிடம் நீட்டுகிறார். அதன்பின் வாளியைப் பார்ப்பதில்லை. இழுக்கிறவளின் முதுகைத்தான் பார்க்கிறார். கையால் மட்டும் இழுப்பவள் சீக்கிரம் களைத்துப்போவாள். காலை ஊன்றி, முதுகைச் சாய்த்து இழுப்பவள்தான் அவருக்கு வேண்டியவள். "ஏ புள்ள, ஒங்க வீடு எங்குட்டு இருக்கு?" என்று அவர் கேட்டுவிட்டால், அவளைப் படகுக்கு எடுத்துக்கொண்டார் என்று பொருள். டீச்சர் எடுத்த பிள்ளை என்றால் காலனியில் அதற்குத் தனி மரியாதை.

காரைக்குடியில் பெண்கள் பள்ளி ஒன்றில் டிரில் டீச்சர். வயது நாற்பதைத் தொடுகிறது. பள்ளி விட்டதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கல்லுடைக்கிறவர்களும் கொத்து வேலைக்காரர்களும் குடியிருக்கும் தெருக்களுக்குக் கிளம்பிவிடுவார். அறுபத்தெட்டாம் வருஷம் அவர் தொடங்கிய படகுச் சங்கத்துக்கு இருப்பது ஒரே படகு; நாச்சியப்பன் செட்டியார் வீட்டுக் கொட்டகையில் மிஞ்சிக் கிடந்த பர்மாத் தேக்கில் செய்தது. கண்மாயில் தண்ணீர் நிற்பது ஐப்பசியிலிருந்து மாசி வரை. மற்ற மாதங்களில் பெண்கள் வறண்ட கண்மாய்க்குள் உட்கார்ந்து, கயிற்றில் கட்டிய மணல் மூட்டைகளை இழுத்துப் பழகுகிறார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் ஓடத்துக்கு ஆள் பிடிக்கிறாரே என்று டீக்கடையில் கேலி பேசினால், சைக்கிளை நிறுத்திப் பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்: "தண்ணி வந்தப்பறம் ஆளு தேட முடியாதுல்ல?"

சென்ற ஆண்டு, துடுப்பு வலிக்கும் நால்வரில் ஒருத்திக்குக் கல்யாணமாகி, மதுரையில் நடக்கும் படகுப் போட்டிக்குச் சங்கமே போக முடியாமல் போயிற்று. இந்த ஆண்டு அந்த இடத்துக்கு அம்மாக்கண்ணு கிடைத்தாள். சித்தாள் வேலை செய்யும் பெண். போட்டி நெருங்கிய நேரத்தில் அவள் தகப்பன் சின்னக்கருப்பு கண்மாய்க்கு வந்தார். கிணறு வெட்டுகிறவர். மகள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. துடுப்பு வலிக்கிறவர்கள், படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும்.

"போற தெசைக்கு முதுகக் காட்டிக்கிட்டு யாராச்சும் ஒரு காரியத்துக்குப் போவாகளா டீச்சர்? வெளங்குமா? ஏ, எந்திரிச்சு வா."

அம்மாக்கண்ணு துடுப்பை வைத்துவிட்டு எழுந்தாள். படகின் பின்கோடியில், போகும் திசையைப் பார்த்து உட்கார ஓர் இடம் உண்டு. படகைத் திருப்பும் சுக்கானின் கயிறு இரண்டும் அங்கேதான் இருக்கும். அது டீச்சரின் இடம். தேக்குக் கொடுத்த செட்டியார் ஒருமுறை ஆசைப்பட்டுக் கேட்டதற்கே, தேக்கு உங்களுடையது, கயிறு என்னுடையது என்று சொல்லிவிட்டவர். அன்று டீச்சர் தாமாகவே எழுந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றார்.

"அவளுக்குப் பதிலா போற தெசைய நீங்க பாருங்கண்ணே. எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கத்துக் கயித்த இழுங்க. அம்புட்டுத்தான்."

சின்னக்கருப்பு தயங்கித் தயங்கி ஏறினார்; அம்மாக்கண்ணு திரும்ப உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தாள். ஆழத் தண்ணீரோடு பழகியவர், அகலத் தண்ணீருக்குப் பயந்து முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டார். படகு புறப்பட்டு, இடமும் வலமுமாக அலைந்தது. அவருக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், பல்லைக் கடித்துத் துடுப்பு வலிக்கும் மகளின் முகம். நடுக் கண்மாயில் அலைச்சல் மெல்லக் குறைந்தது. அவர் குரல் தண்ணீர்மேல் கரை வரை வந்தது.

"நேராத்தான் போறோம் தாயி. நான் பாத்துக்கிறேன், நீ இழு."

டீச்சர் இறங்கிய இடத்திலேயே நின்றிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் வயிற்றுக்கு முன்னால் விரல் மடங்கி, இல்லாத கயிறுகளைப் பிடித்திருந்தன. படகு கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கியபோது இடக்கை தானாகவே இழுத்தது. அதைக் கண்டதும் விரல்களைப் பிரித்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.