கம்பளத்தில் மண்ணெண்ணெய்

போர்கோ வெக்கியோவில் மாமாவின் அறை எரிந்த அந்தக் குளிர்காலத்தில் நான் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தீப்பிடித்த இடத்துக் கரியில் பெற்றோலோ மண்ணெண்ணெயோ இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறை பற்றியது என் ஆய்வேடு. என்னை மேற்பார்வை செய்த பேராசிரியை நீதிமன்றத்துக்காகவும் அதே வேலையைச் செய்பவர். ஐம்பது வயதிருக்கும். ஓயாமல் சிகரெட் பிடிப்பார், ஆனால் ஆய்வுகூடப் படியில் ஏறுமுன் அணைத்துவிடுவார். அவருடைய மேசையில் ஒரு கண்ணாடிப் போத்தல் இடம் மாறியிருந்தால்கூட யார் தொட்டது என்று கேட்பார்.

மாமா அம்மாவின் தம்பி. விடியற்காலையில் ஒரு உணவுவிடுதியைக் கூட்டிக் கழுவிவிட்டு வந்து பகலில் தூங்குவார். நிலத்தளத்தில் ஒற்றை அறை. தூங்கும் இடத்துக்கும் சமைக்கும் மூலைக்கும் நடுவே ஒரு திரைச்சீலை. அன்று பதினொரு மணியளவில் மூச்சுத் திணறி எழுந்தவர் எரிந்துகொண்டிருந்த திரையைக் கையாலேயே இழுத்து விழுத்தியிருக்கிறார். இரண்டு கைகளும் வெந்துபோயின. மேல்மாடியில் தனியாக வாழ்ந்த வயதான பெண் புகையில் மயங்கி விழுந்தார். இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பின்னேரம் நான் போனபோது மாமாவின் கைகள் முழங்கை வரை வெள்ளைத் துணிக்குள் இருந்தன. வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“பிள்ளை, என்ரை பெர்மெஸ்ஸோ கட்டிலுக்குக் கீழை தகரப்பெட்டிக்குள்ளை கிடக்குது. எரிஞ்சிட்டுதோ தெரியேல்லை. ஒருக்காப் போய்ப் பாக்கிறியே?”

இத்தாலியில் இருப்பதற்கான அனுமதிக் கடதாசி அது. அதைத் தொலைத்துவிட்டு, அதை வழங்கும் பொலிஸ் தலைமையகமான கெஸ்தூராவில் போய் வரிசையில் நிற்பதென்றாலே புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்களுக்குப் பயம். ஓம் என்றேன்.

அடுத்த நாள் காலை அம்மா வேலைக்குப் போகுமுன், வீட்டைச் சூடாக்கும் கீற்றருக்கு மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது, வாங்கி வை என்று சொல்லியிருந்தார். போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்துக் கடையில் ஐந்து லீற்றர் தகரம் ஒன்று வாங்கினேன். மூடி சரியாக இறுகவில்லை. வழியெல்லாம் கசிந்து என் கையுறை நனைந்தது. அப்படியே மாமாவின் அறைக்குப் போனேன். தீயணைப்புப் படை உடைத்த கதவுக்குப் பதிலாக ஒரு பலகை சாத்தியிருந்தது. சீல் ஏதும் இல்லை. தீப்பிடித்த இடத்தை ஆராயும் முன் யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்பது நான் படித்த முதல் பாடம். அது தெரிந்துகொண்டேதான் பலகையை நகர்த்தினேன். தகரத்தைக் கட்டிலருகே கருகிக் கிடந்த கம்பளத்தில் வைத்துவிட்டு, முழந்தாளிட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். பெட்டி கிடைத்தது. உள்ளே பெர்மெஸ்ஸோ ஓரம் பழுப்பேறி, எழுத்து அழியாமல் இருந்தது. தகரத்தையும் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அன்று மதியம் பொலிஸ் வந்து அறைக்குச் சீல் வைத்தது.

மூன்று நாள் கழித்துப் பேராசிரியை நீதிமன்றக் கடிதம் ஒன்றை என் முன் வைத்தார்.

“நாளைக்குப் போகிறோம். பத்து கண்ணாடிச் சாடிகள் தயார் செய்.”

கடிதத்தில் மாமாவின் தெருவும் வாசல் இலக்கமும் இருந்தன. என் குடும்பப் பெயரும் மாமாவினதும் வேறு வேறு. நான் சொல்லாவிட்டால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்றால் யாரும் மாமா மீது அநியாயமாகப் பழி போடமாட்டார்கள் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு சாடிகளைக் கழுவப் போனேன்.

மேல்மாடிப் பெண்ணுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை என்று மறுநாள் மாமாவின் அறை வாசலில் பொலிஸ்காரர் ஒருவர் சொன்னார். வீட்டுச் சொந்தக்காரரும் வந்து நின்றார். இந்த ஆட்கள் அறைக்குள்ளேயே மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டுகிறார்கள், எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை என்று அவர் பொலிஸிடம் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். மாமாவோ மின்னடுப்பில்தான் சமைத்தேன் என்று வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

பேராசிரியை கட்டிலருகே குனிந்தார். மூக்கைக் கம்பளத்துக்கு அருகில் கொண்டுபோய் நிமிர்ந்தார்.

“கெரோசின்,” என்றார்.

அந்த இடத்தைச் சதுரமாக வெட்டிச் சாடியில் இட்டார். ஒப்பிடுவதற்கு எதிர் மூலையிலிருந்து இன்னொரு துண்டு. மூடிகளை இறுக்கியது நான்.

ஆய்வுகூடத்தில் சாடியைச் சூடாக்கி, உள்ளே எழும் ஆவியை ஊசியால் உறிஞ்சிக் கருவிக்குள் செலுத்தினேன். கருவியின் பேனா தாளில் கோடு போடத் தொடங்கியது. பெற்றோல் என்றால் தொடக்கத்திலேயே மேடுகள் எழும்பும். அங்கே தட்டையாகத்தான் போனது. கொஞ்சம் மூச்சு விட்டேன். பிறகு எழும்பத் தொடங்கின, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, சீப்பின் பற்கள் மாதிரி. சந்தேகத்துக்கு இடமே இல்லாத மண்ணெண்ணெய். எதிர் மூலைத் துண்டில் ஒன்றுமில்லை.

“வீட்டுக்காரன் சொன்னது சரிபோல,” என்றார் பேராசிரியை. “அறிக்கையைத் திங்கட்கிழமை கொடுத்துவிடலாம்.”

அப்போது என் மனதில் வந்தது நான் வாங்கிய தகரம் அல்ல. மாமா பொய் சொல்லிவிட்டார் என்பதுதான் வந்தது. இதை இன்றும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. அறைக்குள்ளை மண்ணெண்ணெய் வச்சிருந்தனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை. கரண்ட் அடுப்புத்தானே.”

“கம்பளத்திலை இருக்குது. நானே பாத்தனான். மேல்வீட்டு மனிசி செத்தால் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ? என்னட்டையும் பொய் சொல்லாதேங்கோ.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மாமாவின் முகம் சிவந்து, பிறகு ஒன்றுமில்லாமல் போனது.

“பொலிஸும் இப்பிடித்தான் கேட்டவங்கள்,” என்றார். “அவங்கள் கேட்டது பரவாயில்லை. நீ போயிட்டு வா.”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலையிலிருந்து வந்திருந்தார். வீடு குளிர்ந்து கிடந்தது. கீற்றருக்கு எண்ணெய் விடு என்றார். வாங்கி வந்த அன்று ஒருதரம் ஊற்றிவிட்டு மூலையில் வைத்திருந்த தகரத்தைத் தூக்கினேன். நிலத்தில் கறுப்பாக ஒரு நீள்சதுரம் இருந்தது. தகரத்தைச் சரித்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் கரி அப்பியிருந்தது. கரிக்குள் சிவப்பு நூல்கள், நுனி உருகி. மாமாவின் கம்பளம் சிவப்பு.

தகரத்தைப் பிடித்தபடியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஓடி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீதான் உள்ளை போனனீ எண்டு சொன்னால் என்ன செய்வினம்?”

“படிப்பை நிப்பாட்டலாம். கெஸ்தூராவுக்கும் கூப்பிடலாம்.”

“ஏழு வருசமா அந்தச் சிஞ்ஞோராவின்ரை வீட்டிலை முழங்காலிலை நிண்டு நிலம் துடைக்கிறன். இதுக்காண்டித்தானே?”

 அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அம்மா போய் அதை இறக்கினார். முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

“சொல்லாட்டில் அவனுக்கு என்ன?”

“பிடிச்சு மறியலிலை அடைக்கவும் கூடும் அம்மா.”

அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அலுமினியத் தாள் சுருளை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். ஆய்வுக்கு எடுத்துப்போகும் எண்ணெய்ப் பொருள்களை நான் அந்தத் தாளில் சுற்றுவதை அவர் முன்பு பார்த்திருக்கிறார்.

மறுநாள் சனிக்கிழமை. சுற்றிய தகரத்தோடு வியா மக்வேதா வழியாக நடந்தேன். பஸ்ஸில் ஏறப் பயம், யாராவது இடித்துவிடுவார்கள் என்று. பேராசிரியை அறிக்கையைத் தட்டெழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். என் உறவினர் என்பது, சீல் வைக்குமுன் உள்ளே போனது, தகரத்தை வைத்த இடம். அவர் தாளைப் பிரித்து அடிப்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

“நீ அந்த அறையில் என் பக்கத்தில் நின்றாய்,” என்றார். குரல் உயரவே இல்லை. “நான் மோந்து பார்த்தபோது நின்றாய். இந்த வரைபடத்தை ஓட்டியதும் நீ. நான் கையெழுத்துப் போட்டு, ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பியிருப்பேன்.”

“எனக்கு ஞாபகம் வரவில்லை.”

“ஞாபகம் வராது என்பதால்தான் சொந்தக்காரர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது.”

தட்டெழுத்து இயந்திரத்திலிருந்து தாளை உருவினார். ஆய்வுகூடச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன்.

கெஸ்தூராவில் மூன்று மணிநேரம் வாக்குமூலம் கொடுத்தேன். நான் உள்ளே போன வேளையில் சீல் வைத்திருக்கவில்லை என்பதால் வழக்குப் போடவில்லை. தகரத்தைத் தீக்கு மறுநாள்தான் வாங்கினேன் என்பதற்குக் கடையின் பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். நல்லவேளை, கோட்டுப் பையிலேயே கிடந்தது. மாதிரிகள் வேறொரு ஆய்வுகூடத்துக்குப் போயின. அந்த ஆய்வுகூடத்தார் மாமாவின் அறைக்கு வந்து தரையோடுகளைக் கிளப்பி அடியிலிருந்தும், திரை எரிந்த மூலைச் சுவரிலிருந்தும் எடுத்துப் பார்த்தார்கள். தீ தொடங்கிய அந்த மூலையில் எண்ணெயே இல்லை. சுவருக்குள் ஓடிய பழைய மின்கம்பி உருகி உருண்டையாகிக் கிடந்தது. அந்தக் கம்பியின் மின்கோளாறுதான் தீக்குக் காரணம் என்ற முடிவு வர ஏழு வாரம் எடுத்தது. நீதிமன்றக் கடதாசி வந்த அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. மேல்மாடிப் பெண் ஈஸ்டருக்கு முன்பே கண் விழித்து, இருமலோடு பகேரியாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

என் ஆய்வேடு கைமாறியது. அடுத்த ஆண்டு வேறொரு பேராசிரியரிடம் கிணற்றுத் தண்ணீர் பற்றி எழுதிப் பட்டம் பெற்றேன். நீதிமன்ற வேலைக்கு நான் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மாமா எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கையில் புதுத் தோல் இறுகி, விரல் மடங்காது. அம்மா ஊட்டிவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டபோது “சரி, சரி” என்றார். அதற்குமேல் கதைக்கவில்லை. நான் சமையலறைக்குள் போனால் அவர் பல்கனிக்குப் போவார். இரண்டு மாதம் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து அம்மா வாசலில் யாரோடோ நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் முன்னால் நடந்துகொண்டிருந்தோம். மாமா திடீரென்று நின்றார்.

“பிள்ளை, ஒண்டு கேக்கட்டோ. அந்த வயர் உருகினது மெய்தானோ? இல்லாட்டி எனக்காண்டி நீ சொல்லி எழுதுவிச்சனியோ?”

“என்னை அதுக்குக் கிட்டவும் விடேல்லை மாமா. அவை வேறை ஆக்கள். என்னையும் தெரியாது, உங்களையும் தெரியாது.”

அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார்.

“அப்ப சரி,” என்றார். பிறகு மடங்காத விரல்களால் என் தோளில் மெல்லத் தட்டி, “வா, பஸ் வருது,” என்றார்.