ஆசிரியர்: நாகம்மா

இராஜமாணிக்கம் கல்கத்தா துறைமுக அலுவலகத்தில் கிளார்க். தப்பித்தவறிக்கூட யாரையும் எதிர்த்துப் பேசாத மனுஷர். அப்படிப்பட்டவர் கப்பல் சரக்கு இறக்கும் தமிழ்க் கூலிகளை வைத்து ஒரு நாவல் எழுதி, 1993-இல் சொந்தச் செலவில் அச்சடிக்கத் துணிந்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன் புத்தகம் போட மேலிடத்து அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் மெமோ வரும் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். விதி உண்மையில் என்ன சொல்கிறது என்று விசாரித்திருக்கலாம். விசாரித்தாலே மாட்டிக்கொள்வோமோ என்று அவருக்குப் பயம். ஆசிரியர் என்று மனைவி நாகம்மாவின் பெயரைப் போட்டுவிட்டார். உரிமையும் அவள் பெயரிலேயே.

நாகம்மா ஹவுராவில் பிறந்து வங்காளம் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால் ஓரெழுத்துகூட வாசிக்க வராது.

புத்தகம் எடுபட்டது. லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் கூட்டம் போட்டு அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். கையெழுத்துக் கேட்டவர்களுக்கு அவள் வங்காளத்தில் போட்டுக் கொடுக்க, "கல்கத்தாக்காரியாச்சே!" என்று சிரித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னாள்: "எனக்குக் கூச்சமா இருக்குங்க. அடுத்த தடவ உங்க பேரையே போட்ருங்க."

"ரிட்டயர் ஆகட்டும்" என்றார். பத்து வருஷம் அதையே சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளை 'லேகிகா பௌதி', எழுத்தாளர் அண்ணி, என்று கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. வெளியே சொல்வாரா?

2003-இல் நாகம்மா போய்விட்டாள். மறு வருஷம் இவருக்கு ஓய்வு. அதற்கடுத்த வருஷம் சென்னைப் பதிப்பாளர் ஒருவர் மறுபதிப்புக்குக் கேட்டு, காலமான ஆசிரியரின் வாரிசுகள் கையெழுத்திட ஓர் ஒப்பந்தம் அனுப்பினார். இப்போதாவது தன் பெயர் வந்துவிட வேண்டும் என்று இராஜமாணிக்கம் பவானிபூர் வக்கீலிடம் ஓடினார். நாவலை எழுதியது இவரே என்று வக்கீல் ஆங்கிலத்தில் பிரமாணப் பத்திரம் டைப் அடித்தார். இன்னொரு வாரிசான மகளும் சம்மதிக்க வேண்டும் என்றார்.

மகள் ஜெயப்ரியா வந்து படித்தாள். 'என் மனைவி தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்ற வரியில் விரலை வைத்தாள்.

"நீங்கதான் எழுதினீங்க, எனக்குத் தெரியாதா அப்பா? ஆனா இது வெளிய வந்தா யாரைப் பொய்க்காரின்னு பேசுவாங்க? பதில் சொல்ல அம்மா இருக்காளா?"

"பயத்துல போட்டேம்மா..."

"ரேஷன் கார்டு, வீடு, கேஸ் கனெக்‌ஷன் எல்லாம் உங்க பேருதான். அம்மா பேர்ல இருக்கறது இது ஒண்ணுதான். இருந்தாலும் நீங்க சொன்னா கையெழுத்துப் போடறேன்."

அவர் சொல்லவில்லை. பத்திரத்தை மடித்து வைத்துவிட்டு, ஒப்பந்தத்தில் வாரிசு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

கடைசித் தாளில் ஆசிரியரைப் பற்றிப் பத்து வரி கேட்டிருந்தார்கள். நாவலே எழுதியவருக்கு இது ஒரு வேலையா? 'ஹவுராவில் பிறந்தவர்' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. கூலிகள் என்ன சாப்பிட்டார்கள், எதற்கு அழுதார்கள் என்று முந்நூறு பக்கம் எழுதியவர், இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தவளைப் பற்றி அடுத்த வரி தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது.

"ஜெயா," என்று தலை நிமிராமல் கேட்டார், "அம்மாவுக்கு என்னம்மா பிடிக்கும்?"