நஸீரா வீட்டு ரத்தம்

பேகம்பூரில் நஸீராவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பெண்கள் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வார்கள். அளவெடுத்த பிறகும் துணியில் கத்தரிக்கோலை வைக்க அவளுக்குக் கை வராது. மறுபடி அளந்து பார்ப்பாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து வயிற்றில் பிள்ளை தங்கியதும் அந்தப் பயம் இன்னும் கூடியது. படியிறங்கப் பயம், ஆட்டோவில் ஏறப் பயம். மார்கழிக் குளிரில் ரிஹான் பிறந்து, நன்றாக அழுது, பால் குடித்து, வீட்டுக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அது நீடிக்கவில்லை. பிள்ளையின் கண்ணில் மஞ்சள் தெரிந்தது.

"பொறந்த பிள்ளைக்கு மஞ்சள் வாரதுதான்மா. காலை வெயில்ல காட்டு, சரியாப் போயிரும்" என்றார் மாமியார். நஸீராவும் வாசலில் உட்கார்ந்து காட்டினாள். மறுநாள் மஞ்சள் நெஞ்சைத் தாண்டி வயிற்றுக்கு இறங்கியிருந்தது. பிள்ளை பாலுக்கு வாய் திறக்கவில்லை. எழுப்பினால் சிணுங்கிவிட்டுத் தூங்கியது. ஈரத்துணியை மாற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். துணியில் பால் ஊற்றாத கட்டஞ்சாயாவைக் கொட்டியது போல் கறை.

அவள் கணவன் அப்துல் ஹக்கீம் பிரியாணிக் கடை அடுப்படியில் வேலை பார்ப்பவன். போனில் அழைத்தாள்.

"என்னங்க, உடனே வாங்க. பிள்ளைக்கு என்னமோ சரியாப் படல."

"சோறு தம்முல இருக்கு. செத்த நேரத்துல வாரேன்."

"செத்த நேரமெல்லாம் ஆகாது. இப்ப வாங்க."

அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. கரண்டியைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தான்.

நாகல் நகர்ப் பக்கத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் டெய்சி, வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளையைச் சுற்றியிருந்த கம்பளியை விலக்கும்போதே முகம் சுளித்தார். குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"இதை எங்க வச்சிருந்தீங்க?"

"பீரோவுல. பூச்சி அரிக்காம இருக்கப் பாச்சை உருண்டை போட்டு வச்சிருந்தேன்" என்றார் மாமியார்.

கம்பளியை உடனே வெளியே கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். ரத்தம் எடுத்தார்கள். பிள்ளையின் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் மூவரையும் உட்கார வைத்தார்.

"ரத்தத்துல இருக்கிற சிவப்பணு எந்நேரமும் ஆக்சிஜனைச் சுமக்குது. அதனாலேயே அதுக்குச் சேதம் வரும். சேதம் வராம காக்க உள்ள ஒரு நொதி இருக்கு. சும்மா இருக்கிற நேரத்துல அது மெதுவா வேலை செய்யும். பாச்சை உருண்டை நெடி, சில மாத்திரைங்க மாதிரி ஏதாவது உடம்புக்குள்ள போச்சுன்னா வேகத்தைக் கூட்டிக்கும். உங்க பிள்ளைக்கு அந்த நொதி குறைவா இருக்கும்னு நினைக்கிறேன். கூட்ட வேண்டிய நேரத்துல அதால முடியல. அணு உடையுது. ஒண்ணுக்கு கறுத்துப் போறதும் அதனாலதான்."

"அந்த மஞ்சள்?" என்று கேட்டான் ஹக்கீம்.

"உடைஞ்ச ரத்தத்துலருந்து வாரதுதான். அதைக் கரையிற மாதிரி மாத்தி வெளிய தள்ளக் கல்லீரல்ல வேற ஒரு நொதி இருக்கு. பிறந்த பிள்ளைக்கு அது இன்னும் முழுசா வேலையை ஆரம்பிச்சிருக்காது. அதுவரைக்கும் இந்த வெளிச்சம் தோல்ல இருக்கிற மஞ்சளைக் கரைய வைக்கும். இதுக்கும் இறங்கலைன்னா ரத்தத்தையே மாத்தணும். மஞ்சள் மூளைக்கு ஏறிடக் கூடாது."

கடைசி வார்த்தைக்குப் பிறகு நஸீராவுக்கு எதுவும் காதில் விழவில்லை.

விளக்கு இருந்த அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தாள். நர்ஸ் ரத்தம் எடுக்க வரும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். மஞ்சளின் அளவு ஒருமுறை ஏறியது. மாற்று ரத்தத்துக்குச் சொல்லி வைத்தார்கள். மாமியார் மூலையில் உட்கார்ந்து, "என் கையாலயே சுத்துனேனே" என்று முனகிக்கொண்டிருந்தார். நஸீராவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கம்பளியை இதமாக இருக்கிறது என்று தடவிப் பார்த்தவள் அவளும்தான். எழுந்து போய் மாமியாருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அடுத்த முறை அளவு ஏறவில்லை. அதற்கடுத்து இறங்கியது. ரத்தம் மாற்றாமலே பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

நொதிச் சோதனையின் முடிவு சரியாக இருப்பதாக வந்தது. ஹக்கீம் சந்தோஷப்பட்டான். டாக்டர் நம்பவில்லை.

"நொதி குறைஞ்ச பழைய அணுவெல்லாம் உடைஞ்சு போச்சு. இப்ப ஓடுறது புது அணு. அதுல கொஞ்சம் கூடுதலா இருக்கும். சிவப்பணுவால நொதியைப் புதுசா செஞ்சுக்க முடியாது, வயசாக ஆகத் தீரும். சில மாசம் போகட்டும், மறுபடி பாப்போம்." பிறகு நஸீராவிடம், "இது தாய் வழியா ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு வாரது. உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?" என்று கேட்டார்.

அவளுக்கு அண்ணன் அல் அமீன் ஞாபகம் வந்தான். சிறு வயதில் மலேரியாவுக்கு மாத்திரை சாப்பிட்டு, கறுப்பாக ஒன்றுக்குப் போய், பிழைத்ததே பெரிது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இப்போது அவன் ஒடிசாப் பக்கம் லாரி ஓட்டுகிறான். அங்கே காட்டோரத்தில் மலேரியா சாதாரணம்.

அன்றைக்கே போன் செய்தாள். "அண்ணே, ஊருக்கு வந்ததும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்திரு."

"எனக்கு என்னம்மா? நான் நல்லாத்தான இருக்கேன்."

"மாத்திரை உள்ள போற வரைக்கும் நல்லாத்தான் இருப்ப. பிள்ளையை அந்த வெளக்குக்கு அடியில பாத்தவ சொல்றேன்."

அவன் சிரித்தான். அவள் விடவில்லை, அவன் வரும்போதெல்லாம் கேட்டாள். ரிஹானுக்கு மறுசோதனைக்குப் போன நாளில் அண்ணனையும் கையோடு இழுத்துப் போனாள். இருவருக்கும் நொதி மிகவும் குறைவு என்று வந்தது. தன்னிடமிருந்துதான் வந்தது என்பது நஸீராவை வெகுநாள் தூங்கவிடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அல் அமீன் லோடு இறக்கப் போன ராய்ப்பூரிலிருந்து பேசினான். குரல் நடுங்கியது, மலேரியாதான்.

"ஆஸ்பத்திரியில மாத்திரையை நீட்டுனாங்க. எனக்கு இந்த நொதி கம்மின்னு சொல்லி, போன்ல இருந்த ரிப்போர்ட்டைக் காட்டுனேன். நல்லவேளை சொன்னீங்கன்னு அதுல ஒண்ணை நிறுத்திட்டாங்க. வேற மருந்து ஓடுது."

"ஒண்ணுக்கு என்ன நெறத்துல போகுது?"

"ஏம்மா, இதையெல்லாமா கேப்ப?"

"கேக்குறேன்ல, சொல்லு."

"மஞ்சளாத்தான். சாதாரணமா."

ரிஹான் அவள் மடியில் நூல்கண்டை உருட்டி இழுத்துக்கொண்டிருந்தான். "நாளைக்கும் பாத்துட்டுச் சொல்லு" என்றாள் நஸீரா.