கத்திரிப்பூ கலர் சோபா

நாலு தடவை என் வீட்டில் சமைத்த சாப்பாட்டை யாரும் தொடாமல் போயிருக்கிறார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். பிடித்திருந்தால் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் பக்கம் அதைக் கை நனைப்பது என்போம். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவாகிவிட்டது. பிடிக்காவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "கலந்து பேசி சொல்றோம்" என்று செருப்பை மாட்டிக்கொள்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எவன் கலந்தான், எவன் பேசினான்? ஒரு போன்கூட வந்ததில்லை.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குகிற லோடு வண்டி சொந்தமாக வைத்திருந்தேன். குடி கிடையாது. அப்பா அம்மா இல்லை. தியாகதுருகத்தில் கட்டிக்கொடுத்த அக்கா மட்டும்தான். நாலாவது தடவை வந்த கூட்டத்தில் ஒரு பொம்பளை, வாசல் தாண்டுவதற்குள், என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "வூடா இது? மக்காச்சோள மூட்ட அடுக்கற கொட்டா." ஹாலில் மூட்டை இருந்தது உண்மை. இரண்டு நாற்காலி, அதில் ஒன்று கால் ஆடும், அதுவும் உண்மை. அதற்காக வாசலில் நின்றா சொல்வார்கள்?

அந்தக் கோபத்தில்தான் கள்ளக்குறிச்சிக்குப் போய் சோபா வாங்கினேன். கத்திரிப்பூ கலர். கடைக்காரர் முதலில் பிரவுனும் மெரூனும் காட்டினார். அழுக்கு தெரியாது என்றார். எனக்கு இதுதான் பிடித்தது. மழைக்கு முன்னால் மலை தூரத்தில் இதே கலரில் தெரியும், அதனால் பிடித்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். பார்த்தேன், பிடித்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. இரண்டு ஜன்னலுக்கும் அதே கலரில் ஸ்கிரீன் வாங்கினேன். டிவி ஸ்டாண்டுக்கும் சுவர் அலமாரிக்கும் நானே எனாமல் அடித்தேன். மூட்டைகளைப் பின்பக்கம் தள்ளினேன். லோடு இறக்கிவிட்டு வந்து ஹாலில் சும்மா நின்று பார்ப்பேன். என் வீட்டை நான் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஐந்தாவது சம்பந்தம் திருநாவலூர் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா காலையிலேயே சமைக்க வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடா இது?"

"சோபா."

"சோபான்னு தெரியாத அளவுக்கு எனக்குக் கண்ணு அவிஞ்சி பூட்ச்சா? இன்னா கலருடா இது? ஐஸ்கிரீம் கடை வெக்கப் போறியா?"

"எனக்குப் புடிச்சுது."

"உனக்குப் புடிச்சி இன்னா ஆவறது? வர்றவங்களுக்குப் புடிக்கணும். இந்த எடமும் பூட்டுதுன்னா இனிமே நான் பொண்ணு தேட மாட்டேன். நீயும் உன் சோபாவும் கட்டிக்கினு அழுங்க."

ஆறு வருஷமாக எனக்காக ஊர் ஊராக அலைந்தவள் அவள். சும்மா மிரட்டுகிற குரல் இல்லை அது. பயந்துவிட்டேன். சரி என்றேன். பக்கத்து வீட்டில் இரண்டு வெள்ளை பெட்ஷீட் வாங்கி வந்து சோபாவை மூடினாள். டிவி ஸ்டாண்டின் மேல் என் வேட்டியைப் போட்டாள். அலமாரி முன்னால் ஒரு பெரிய காலண்டரைத் தொங்கவிட்டாள். ஸ்கிரீன்களை நானே கழற்றிச் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் திணித்தேன்.

"சாவு வூடு மாதிரி கீதுக்கா."

"வாய மூடு. வெள்ளன்னா டீசன்ட்டு."

பதினோரு மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அத்தை, தாய்மாமன், கூட இரண்டு ஆண்கள். அப்பா வாயே திறக்கவில்லை. முடிவு செய்கிற ஆள் தாய்மாமன்தான் என்பது பார்த்ததும் தெரிந்தது. அவர் உட்காரவில்லை. ஹாலை ஒரு சுற்று சுற்றி வந்து சோபா பக்கத்தில் நின்றார்.

"யாரு வூட்டு சோபாங்க?"

அப்போதுதான் நாங்கள் செய்த தப்பு எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்களில் வீடு பார்க்க வருகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டு பிரிட்ஜும் சித்தப்பா வீட்டு சோபாவும் இரவல் வந்து நிற்பது உண்டு. வந்தவர்கள் போனதும் அதுவும் போய்விடும். கறை படாமல் திருப்பித் தர வேண்டுமே என்று மேலே துணி போட்டு மூடுவார்கள்.

"நம்மளதுதாங்க" என்றாள் அக்கா.

"நம்மளதுன்னா இன்னாத்துக்கு மூடி வெச்சிக்கிறீங்க? சாயங்காலம் திருப்பிக் குடுக்கணுமா?"

கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். பெட்ஷீட்டைப் பிடித்து இழுத்தேன்.

"என்னோடது. பில்லு வேணுமா?"

அக்கா என் கையைப் பிடிக்கப் பார்த்தாள். நான் வேட்டியையும் உருவினேன், காலண்டரையும் கழற்றினேன். ஹால் முழுக்கக் கத்திரிப்பூ கலர் வந்து நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து ஸ்கிரீன் சுருட்டலை வெளியே இழுத்தார்.

"இது ஆம்பள எடுத்த கலர் மாதிரி தெரியிலியே. தனியா இருக்கறவரு வூட்ல இதெல்லாம் யாரு வந்து எடுத்துக் குடுத்தா?"

கேள்வியின் உள்ளே இருந்தது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் முகம் செத்துவிட்டது. இந்த வீட்டுக்கு ஒருத்தி வந்து போகிறாள் என்று ஒரு பேச்சு திருநாவலூரில் கிளம்பினால், கள்ளக்குறிச்சி வரைக்கும் எனக்கு எவனும் பெண் தர மாட்டான்.

"யாரும் வரல" என்றேன். "நாலு கும்பலு வந்து தின்னாம போச்சு. கொட்டான்னு சொல்லிட்டுப் போனாங்க. கோவத்துல நான்தான் வாங்கனேன். பெயிண்ட் அடிச்சதும் நான்தான். அக்காவுக்குக் கலரு புடிக்கல, மூடச் சொன்னா. நானும் ஒத்துக்கினேன். அது தப்பு. பாருங்க." இரண்டு கையையும் நீட்டினேன். நகத்து ஓரமெல்லாம் எனாமல் இன்னும் போகவில்லை. தாய்மாமன் என் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சந்தையில் மாட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தை போனை எடுத்து வீடியோ காலில் பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணை நான் ஒரே தடவைதான் பார்த்திருந்தேன், பேசியதில்லை. சோபாவைக் காட்டினார், ஸ்டாண்டைக் காட்டினார், ஸ்கிரீனை ஜன்னலில் பிடித்துக் காட்டினார்.

"சோபா பரவால்ல அத்த" என்றது போன். "ஸ்கிரீனும் அதே கலரா? ரெண்டு ஜன்னல்லயும் மாட்னா ஹாலே இருட்டா பூடும். அத மாத்தச் சொல்லு."

வாழ வரப்போகாத வீட்டு ஸ்கிரீனைப் பற்றி எவளும் கவலைப்பட மாட்டாள். அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இலை போட ஓடினாள். நான் ஒருத்தன்தான் முட்டாள்.

"மாத்த முடியாது" என்றேன்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"எதுக்காம்?" என்றது போன்.

"காலையில ஒரு தடவ அடுத்தவங்களுக்குப் பயந்து கழட்டனேன். போதும்."

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்புகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்கா போட்டிருந்த இலை முன்னால் போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அக்கா சோறு போட்டாள், சாம்பார் ஊற்றினாள். ஒருவரும் கை வைக்கவில்லை. தாய்மாமன் கை மட்டும் சோற்றுக்கு மேலே நின்றது.

"பொண்ணு லைன்லதான் கீது. மாத்துவீங்களா, மாட்டீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல."

நான் இரண்டு ஜன்னலையும் பார்த்தேன். அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ரெண்டையும் மாத்துகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

"ஒன்ன அவங்க மாத்திக்கட்டும். இன்னொன்னு என்னுது."

"எந்த ஜன்னலு?" என்றது போன்.

"எது வேணும்?"

"கிழக்கால இருக்கறது."

"சரி."

தாய்மாமன் அப்பளத்தை நொறுக்கி சோற்றில் கை வைத்தார்.

கிழக்கு ஜன்னலில் இப்போது மஞ்சள் ஸ்கிரீன் தொங்குகிறது. சகிக்கவில்லை.