டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேற்கே

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியிலிருந்து கிளம்பும்போது பிக்கப்பின் ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது. பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் பதிமூன்று வயது மகள், அதற்கும் பின்னால் இருபத்திரண்டு அடி நீளத்துக்கு இரவல் வாங்கிய டிரெய்லர். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை எல்லாம் உள்ளே அடங்கிய சின்ன வீடு அது. மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் டெக்சாஸின் மேற்கு எல்லையில் இருக்கும் பிக் பெண்ட் மலைகள்வரை அதை இழுத்துக்கொண்டு போய் வருவது என்று முடிவு செய்திருந்தோம். என் மனைவி முடிவு செய்திருந்தாள் என்று சொல்வதே சரி.

அவள் ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். டிரெய்லர், அங்கே அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணியுடையது. ஓட்டப் பழகிய பிறகுதான் எடுத்துப்போக வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், சர்ச் முடிந்ததும், என் மனைவி அவரோடு ஒரு பள்ளிக்கூடத்தின் காலி பார்க்கிங்குக்குப் போய்ப் பழகினாள். என்னையும் கூப்பிட்டாள். எனக்கு பிக்கப் ஓட்டத் தெரியாதா என்று கேட்டுவிட்டு நான் வீட்டில் கிரிக்கெட் பார்த்தேன்.

முதல் நாள் நேராகப் போகிறவரை ஒன்றும் சிரமமில்லை. சான் அன்டோனியோவைத் தாண்டி ஒரு ரெஸ்ட் ஏரியாவில் புளிசாதம் சாப்பிட்டோம். மாலை நான்கு மணிக்கு ஜங்ஷன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் பீக்கன் மரங்களுக்கு நடுவே இருந்த கேம்ப்கிரவுண்டில், எங்களுக்கு ஒதுக்கியிருந்த இடத்துக்கு வந்துவிட்டோம். டிரெய்லரைப் பின்பக்கமாக அதற்குள் விட வேண்டும். அங்கேதான் என் ஓட்டம் முடிந்தது.

ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போகும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கை கேட்கவில்லை. முதல் தடவை புல்லில் ஏறினேன். இரண்டாவது தடவை சாலையையே குறுக்கே அடைத்தேன். மூன்றாவது தடவை மின்சாரக் கம்பத்தை இடிக்க ஒரு சாண்தான் பாக்கி. பக்கத்து இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வயதானவர் புத்தகத்தை மூடிவிட்டு எங்களையே பார்க்கத் தொடங்கினார்.

"இறங்குங்க, நான் ஒரு ட்ரை பண்றேன்" என்றாள் மனைவி.

அவள் உடனே ஏறிவிடவில்லை. முதலில் டிரெய்லரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் பின்னால் நகர்த்தினாள். பாதியில் நிறுத்தி, இறங்கி, மறுபடி பார்த்தாள். இரண்டாவது நகர்த்தலில் டிரெய்லர் கோடு போட்டதுபோல் உள்ளே போய் நின்றது. அந்த வயதானவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அப்போது வந்தது பெருமை அல்ல, கொஞ்சம் எரிச்சல்தான். அவளோ அதற்குள் டீ போடப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் அவள் ஓட்டினாள். சொனோராவைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து, காற்றுப் பிடித்தது. இடது பக்கம் ஒரு பெரிய டிரக் எங்களை முந்திப் போனது. அது கடந்த மறு நொடி, யாரோ பின்னாலிருந்து பிடித்து உலுக்குவதுபோல் பிக்கப்பின் பின்பக்கம் இடதுக்கு நகர்ந்தது, பிறகு வலதுக்கு, மறுபடி இடதுக்கு. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். டிரெய்லர் பக்கத்து லேனுக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

பிரேக் போடு என்று கத்தினேன். அவள் போடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். இடது கையால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, வலது கையால் டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த சின்ன நெம்புகோலை மெல்ல அழுத்தினாள். டிரெய்லரின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற நெம்புகோல் அது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. ஆட்டம் சிறிதாகிச் சிறிதாகி நின்றது. அடுத்த எக்ஸிட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு காலி மைதானத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

எஞ்சினை அணைத்த பிறகுதான் ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்தாள். இரண்டையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள் மகள்.

"ஒரு நிமிஷம்டா." அந்த ஒரு நிமிஷம் ஆனதும் என் பக்கம் திரும்பினாள். "பின்னாடி பெட்டுக்கு அடியில என்ன வச்சிருக்கீங்க?"

சொன்னேன். காட்டுக்குள் இட்லி சாப்பிடலாமே என்று கிரைண்டரை வைத்திருந்தேன். கூடவே ஒரு அரிசி மூட்டை, ஆறு தண்ணீர் கேன்கள். எல்லாமே டிரெய்லரின் கடைக்கோடியில், அவளிடம் கேட்காமல்.

"பின்னாடி வெயிட் அதிகமா இருந்தா இப்படித்தான் ஆடும். சொல்லிக் குடுத்திருந்தாங்க. காலைல நான் செக் பண்ணியிருக்கணும்" என்றாள்.

தப்பு முழுக்க என்னுடையது. அவள் அதில் தனக்கென ஒரு பங்கைத் தேடி எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான்தான் உன்னிடம் கேட்காமல் வைத்தேன் என்றேன்.

"சரி, இப்ப தூக்குங்க."

மூவரும் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லாவற்றையும் இடம் மாற்றினோம். கிரைண்டரை டிரெய்லரின் முன்பக்கம் வைத்தோம். அரிசி மூட்டை பிக்கப்புக்கு மாறியது. நான்கு கேன் தண்ணீரை அந்த வறண்ட மண்ணில் கொட்டினோம். பிறகு பிக்கப்பையும் டிரெய்லரையும் பூட்டியிருந்த கொக்கியையும் சங்கிலிகளையும் அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இனி மணிக்கு ஐம்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போவதில்லை என்றாள். அன்று எங்களை எத்தனையோ டிரக்குகள் முந்திப் போயின. டிரெய்லர் அசையவில்லை.

அந்த மெதுவான பயணத்தில் நான் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பதினேழு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அவளை வேலை செய்யும் இடத்தில் நான் பார்த்ததில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு வந்து அவளிடம் கையை நீட்டுகிறவர்கள் ஏன் அவள் லீவு போட்டால் முகம் வாடிப்போகிறார்கள் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

அன்று ஃபோர்ட் ஸ்டாக்டனில் தங்கினோம். மறுநாள் காலை காபியைக் கொடுத்துவிட்டு, எனக்கும் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடு என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கின் அடியில் என் கையை எடுத்து வைத்தாள்.

"கையை இப்படி அடியில வச்சுக்கிட்டா, அது எந்தப் பக்கம் போகுதோ, டிரெய்லரும் அந்தப் பக்கம்தான் போகும். அவ்ளோதான். அவசரப்படாதீங்க."

அரை மணி நேரம் பழகினேன். அன்று மதியம் பிக் பெண்டில், அவள் பின்னால் நின்று கை காட்ட, ஐந்தாவது முயற்சியில் டிரெய்லரை அதன் இடத்தில் நிறுத்தினேன். கோணல்தான். போதும் என்றாள்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்து கேம்ப் பெண்ணிடம் மகள் ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. அவள் கதையில் காற்று புயலாகியிருந்தது. அந்த டிரக்கும் நிஜத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. நான் திருத்தவில்லை. அம்மாவைப் பற்றி அவள் சொன்னது எதுவும் மிகையாக இல்லை.

என் மனைவி ஷூ மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வெளிச்சம் போவதற்குள் பக்கத்தில் ஓடும் ஆற்றைப் பார்த்துவிடலாம் என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, மகளையும் கூப்பிட்டுக்கொண்டு, அவள் பின்னால் நடந்தேன்.