ஒருசந்தி வெள்ளியில் வந்த நோவு

முதல் அறிகுறி என் வலது தோளில் வந்தது. தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி. எங்கள் ஊர் மாதா கெபியின் (மாதா சிலை வைத்த சிறு குகைக்கோவில்) முன்னால் கைகளை விரித்து முழங்காலில் நின்றுகொண்டிருந்தோம். தோள்பட்டையின் உச்சியில் யாரோ விரலால் குத்துவதுபோல் ஒரு நோவு. கைவிரித்துச் செபிக்கும்போது தோள் கடுப்பது வழக்கம்தான் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை.

நாங்கள் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். கணவர் ததேயுஸ் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைக்கிறேன். ஒரே மகள், ஜெனி. இரண்டாவது பிள்ளைக்காக நெடுங்காலம் காத்திருந்தோம்.

ஊரில் சில பெண்கள் சேர்ந்து, கருக்கலைப்பு இல்லாமல் போகவேண்டும் என்ற வேண்டுதலோடு வெள்ளிதோறும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் உண்டு இருக்கும் நோன்பு) பிடித்து, பிறவாத பிள்ளைகளுக்காகச் செபமாலை சொல்லிவந்தோம். முன்னின்று நடத்தியவர் பிலோமி அக்கா. மீன் வாங்கி விற்கிறவர். ஏலக் கூச்சலில் பழகிய அவர் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைகளை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. கெபிக்குப் பின்னால் கடல் இரையும். பசியில் உடம்பு லேசாகி, காற்றில் மெழுகுதிரி மணப்பதுகூடத் தனியாகத் தெரியும். சாயங்காலம் சிலுவைப்பாதைச் செபம் முடிந்ததும் எல்லாரும் வட்டமாக இருந்து கஞ்சி குடிப்போம். சிறுபயறும் காணத் (கொள்ளு) துவையலும் கூட இருக்கும். பிலோமி அக்கா கடற்கரைக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். அந்தக் கஞ்சியின் ருசி பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

நான் சொல்லும் வெள்ளிக்குச் சில நாட்கள் முன்புதான் சோதனை அட்டையில் இரண்டு கோடுகளைப் பார்த்திருந்தேன். கணவருக்கும் பிலோமி அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

“பிள்ளைத்தாச்சிக்கு ஒருசந்தி கெடையாது, கேட்டியா? நல்லா தின்னுட்டு வந்து செபம் சொன்னா மதி, அது போதும்” என்று அக்கா சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு நன்றியாக ஒரு வெள்ளி மட்டும் என்று, கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தேன்.

செபமாலையின் மூன்றாவது பத்து மணிகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் துணி கிழிவதுபோல் ஒரு வலி. கண் இருண்டது. அடுத்து நினைவிருப்பது காரின் பின்சீட்டும் என் தலையைத் தாங்கிய பிலோமி அக்காவின் மடியும். கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த ததேயுஸ் ஈர வேட்டியோடு முன்சீட்டில் இருந்தார்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்த டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். எக்டோபிக் (கரு கருப்பைக்கு வந்துசேராமல், வழியிலுள்ள கருக்குழாயிலேயே தங்கி வளர்வது) என்றார். குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருந்தது. தோள் நோவுக்கும் அதுதான் காரணம். தேங்கிய இரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசை) உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். நாள் தள்ளிப்போன எந்தப் பெண்ணுக்கும் இப்படித் தோள் நொந்தால், தயவுசெய்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

“பிள்ளைக்குத் துடிப்பு இருக்கா டாக்டர்?”

அவர் சற்றுத் தயங்கினார். “இருக்கு.”

“அப்போ ஆபரேஷன் வேண்டாம்.”

“அந்த எடத்துல எந்தப் பிள்ளையும் வளர்ந்து பிறக்காதும்மா. உங்களக் காப்பாத்த இப்போ நேரம் இருக்கு. தாமதிச்சா அதுவும் இருக்காது.”

நான் தலையை ஆட்டினேன். எத்தனை வெள்ளி கைவிரித்து நின்றவள்! என் வாயால் எப்படிச் சரி என்பேன்?

“ஏட்டி, ஜெனிய நெனச்சுப் பாரு” என்றார் ததேயுஸ்.

பிலோமி அக்கா குனிந்தார். “ஃபாதர்கிட்ட ஃபோன்ல கேட்டாச்சு. வெடிச்ச குழாய எடுக்கது கலைக்கது ஆவாதுன்னு சொல்லிட்டாரு.” நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். “அப்பவும் அது பாவமா இருந்தா எனக்க தலையில எழுதட்டு. நீ கையெழுத்து போடு, பிள்ளே.”

போட்டேன். அந்த மனுஷி என்னை மிரட்டியிருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

வலது கருக்குழாயை எடுத்துவிட்டார்கள். படகுக்காரர்கள் வந்து இரத்தம் கொடுத்தார்கள். கண்விழித்தபோது முதலில் கேட்டது பக்கத்துக் கட்டிலில் ஒரு நர்ஸின் குரல்: “கலைஞ்சதா, கலைச்சதா?”

என்னிடம்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த பெண்தான் பதில் சொன்னாள். “கலைச்சதாக்கும்.”

அவள் பெயர் சுஜா. திற்பரப்புப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவள். மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்கி விழுங்கி, இரத்தப்போக்கு நிற்காமல் வந்திருந்தாள். கருவின் ஒரு பகுதி உள்ளேயே தங்கியிருந்ததால் கருப்பையைச் சுத்தம் செய்திருந்தார்கள்.

முதல் நாள் நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் தண்ணீர்க் குப்பியை எட்டமுடியாமல் நான் தடுமாறியபோது அவளே எழுந்துவந்து எடுத்துத் தந்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள். “முடி சடை பிடிச்சு கெடக்கே அக்கா, கொஞ்சம் திரும்பி இரிங்க.”

சிக்கெடுத்தபடியே பேசினாள். “ரெண்டு பிள்ளைக உண்டு. ரெண்டாவது பேறுல செத்துப் பொழச்சேன். மூணாவதுன்னதும் பேடிச்சுப் போச்சு. யார்ட்ட சொல்ல?” என் கையிலிருந்த செபமாலையைப் பார்த்துவிட்டு, “நீங்க எதுக்கு அக்கா செபம் சொல்லுவீங்க?” என்று கேட்டாள்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. “யாரும் பிள்ளையக் கலைக்காம இருக்கதுக்கு.”

சீப்பு நின்றது. பிறகு மெதுவாக மறுபடி நகர்ந்தது. “அப்பம் எனக்கும் சேத்துத்தான் சொல்லியிருப்பீங்க, இல்லா?”

அவள் வயிற்றிலிருந்த பிள்ளைக்காகச் சொல்லியிருக்கிறேன். சீப்பு பிடித்திருந்த இந்தக் கைக்காக செபமாலையின் ஒரு மணியைக்கூட உருட்டியதில்லை. “இனி சொல்லுவேன்” என்றேன். அவள் பின்னலை முடித்துவிட்டு என் முதுகில் நெற்றியைச் சாய்த்து அழுதாள். தையல் வலியோடு அசையாமல் இருந்தேன். நானும் அப்போதுதான் அழுதேன்.

வீட்டுக்கு வந்தபின் உடம்பு தேற வெகுநாள் பிடித்தது. இரத்தசோகையால் படி ஏறினால் மூச்சு வாங்கியது. தையல் மெஷினை மிதித்தால் அடிவயிறு இழுத்தது. பாதி தைத்த சீருடைகள் கூடையில் கிடந்தன. மறுபரிசோதனையில் மனதை அரித்ததைக் கேட்டேவிட்டேன். “நோன்பு இருந்ததால இப்படி ஆச்சா டாக்டர்?”

“இல்ல. கரு அங்க தங்கி பல நாளாச்சு. ஒருநாள் பட்டினிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மழைக்காலம் தொடங்கியபின் ஒரு மாதத்தின் முதல் வெள்ளியன்று மறுபடி கெபிக்குப் போனேன். என் நம்பிக்கை மாறவில்லை. கருவிலிருப்பது உயிர் என்று முன்னைவிட உறுதியாகச் சொல்வேன். அதன் துடிப்பை எனக்குள் இழந்தவள் நான். மன்றாட்டுச் சொல்லும் என் முறை வந்தபோது, பிறவாத பிள்ளைகளுக்காக என்று தொடங்கி, “அவர்களைச் சுமக்கப் பயந்து தனியாக நின்ற தாய்மார்களுக்காகவும்” என்று சேர்த்துச் சொன்னேன். “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பிலோமி அக்காவின் குரல் முதலில் எழுந்தது. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

பிள்ளை பிறந்திருக்கவேண்டியது நவம்பரில். அந்த மாதம் வரும் கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும். எங்கள் பிள்ளைக்குக் கல்லறை இல்லை. ததேயுஸ் மதில் ஓரமாக மணலில் சிறு குழி பறித்து, காற்றுக்குக் கையை வளைத்து ஒரு திரியைக் கொளுத்தி வைத்தார்.

“இது யாருக்குப்பா?” என்றாள் ஜெனி.

“ஒனக்க கூடப்பிறப்புக்கு, மக்களே.”

அவள் குனிந்து, திரி சரியாமல் மணலைக் கூட்டி வைத்தாள்.

அந்த மாதத்தில் கால் வீங்கி, இடுப்பைத் தாங்கிப் பிடித்து மெதுவாக நடந்திருப்பேன். அன்று ஒரு கனமும் இல்லாமல் வேகமாக நடக்க முடிந்தது. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை. மணலில் ஒவ்வொரு அடியாக வைத்து, மகளையும் கணவரையும் முன்னால் போகவிட்டு, நிறைமாதக்காரியைப்போல் மெதுவாக வீட்டுக்கு நடந்தேன்.