அம்மா நட்ட பலா

பக்கத்து வீட்டில் தச்சர் பலாப்பலகையை இழைக்கிறார். அந்த மணம் வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எழுபது வருடமாகியும் ஆறாத கோபம்.

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற பலா, அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் தன் கையால் நட்டது. தம்பியைப் பெற அவள் தாய் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அப்பா அதை வெட்டித் தனக்கொரு சாய்வு நாற்காலி செய்யச் சொல்லிவிட்டார். அவளுக்கு ஒரு வரி எழுதிக் கேட்கவில்லை.

கைக்குழந்தையோடு திரும்பிய அம்மா, கொல்லையில் வெயில் அடிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"மரந்தானே, வேற ஒண்ணு வெச்சுக்கினா போச்சு," என்றார் அப்பா.

நாற்காலிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த தச்சரிடம் அம்மா கேட்டாள்: "மிச்சம் பலகை எதுனா கீதா?"

"கீதும்மா."

"எனக்கும் ஒரு நாற்காலி பண்ணு."

எங்கள் வீட்டில் பெண்கள் தரையில்தான் உட்காருவார்கள். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு நாற்காலி?" என்று அப்பா சீறினார்.

"மரம் நான் வெச்சது," என்றாள் அம்மா.

நாற்காலி தயாரானதும் கூடத்தில் அவருக்கு எதிரே போட்டு, அதில் உட்கார்ந்து தம்பிக்குப் பால் கொடுத்தாள். தான் செய்தது தப்பென்று அப்பா ஒரு நாளும் சொல்லவில்லை. அவர் கூடத்துக்குள் வரும்போது அம்மாவும் அதன்பின் ஒரு நாளும் எழுந்து நிற்கவில்லை.